மகிட்டா எஸ்பி6000: மெஷின் சரி, ரெயிலையும் பிளேடையும் எப்படி வைத்திருக்கிறீர்கள்?

மகிட்டா எஸ்பி6000 ட்ராக் சா (அலுமினிய ரெயில் மேல் வைத்து ஓட்டுகிற வட்ட ரம்பம்) வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தாராளமாக வாங்கலாம். 1300 வாட், 165 மி.மீ. பிளேடு, 20 மி.மீ. துளை, எடை நாலரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, 48 டிகிரி வரை சாய்த்து அறுக்கலாம், ரெயில் இல்லாமல் 56 மி.மீ. ஆழம் இறங்கும். மாடுலர் கிச்சன், வார்ட்ரோப், டிவி யூனிட் மாதிரி வேலைக்கு இதற்கு மேல் தேவைப்படாது. மெஷினைப் பற்றி இவ்வளவு போதும், ஏனென்றால் வாங்கின புதிதில் யாருடைய மெஷினும் நன்றாகத்தான் அறுக்கும். வம்பு எல்லாம் சில மாதம் கழித்துத்தான். அதே மெஷின், அதே ஆள், அதே பிளைவுட், ஆனால் மைக்கா ஓரம் பொடிப் பொடியாகப் பெயர்ந்து நிற்கிறது, அறுத்த பக்கத்தில் கருகல் தெரிகிறது. உடனே மெஷின் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டு அடுத்த மாடலின் விலையை விசாரிக்கிறார்கள். அனேகமாக மெஷினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ரெயிலின் ஓர ரப்பர் தேய்ந்திருக்கும், பிளேடு மழுங்கியிருக்கும், அல்லது இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போயிருக்கும். அதனால் இந்த ரிவ்யூவில் பெரும்பகுதி அந்த இரண்டையும் பற்றித்தான்.

நம் ஊரில் இன்னும் நிறைய சைட்டில் நாலு இன்ச் மார்பிள் கட்டரில் மர பிளேடு மாட்டி, ஒரு நேரான ரீப்பரைக் கிளாம்ப் போட்டு, அதை ஒட்டி ஓட்டித்தான் ஷீட் அறுக்கிறார்கள். கை பழகியவர்கள் அதிலேயே நேராக அறுத்துவிடுவார்கள், ஆனால் ஓரம் சுத்தமாக வராது. ஒன்றிரண்டு மில்லி விட்டு அறுத்து, அப்புறம் இழைப்புளியோ ட்ரிம்மரோ போட்டுச் சரிசெய்ய வேண்டியிருக்கும். ட்ராக் சாவுக்கு இவ்வளவு காசு கொடுப்பது அந்த இரண்டாவது வேலையே இல்லாமல் போவதற்காக. அதைச் சாத்தியமாக்குவது ரெயிலின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அந்த மெல்லிய ரப்பர் பட்டை. பிளேடு சுற்றும்போது முன்பக்கப் பற்கள் கீழேயிருந்து மேலே வருகின்றன. ஷீட்டின் அடிப்பக்கம் பல் உள்ளே நுழைகிற இடம், அங்கே கட் சுத்தமாக இருக்கும். மேல்பக்கம் பல் வெளியே வருகிற இடம், அங்கேதான் வெனீரும் (மேலே ஒட்டும் மெல்லிய மரத் தோல்) மைக்காவும் பிய்த்துக்கொண்டு கிளம்பும். ரப்பரின் விளிம்பு பிளேடை உரசுகிற மாதிரி மேலே அழுத்தி உட்கார்ந்திருந்தால் நார் எழும்ப இடமே இருக்காது. அரை மில்லி இடைவெளி விழுந்தால் போதும், மைக்கா பெயர ஆரம்பித்துவிடும்.

புது ரெயிலில் இந்த ரப்பர் வேண்டுமென்றே கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு வரும். முதல் தடவை ஓட்டும்போது உங்கள் பிளேடே அதைத் தனக்கேற்ற அளவுக்கு வெட்டிக்கொள்ளும். இந்த முதல் வெட்டை அவசரமாகப் போட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அதற்கு முன்னால் மெஷினின் அடித்தட்டில் இருக்கும் இரண்டு திருகுகளையும் சரிசெய்ய வேண்டும். ரெயிலின் நீளத்துக்கு ஓடுகிற மேட்டுக்கும் அடித்தட்டுக்கும் நடுவில் உள்ள ஆட்டத்தை எடுப்பது அவற்றின் வேலை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெஷினை ரெயில் மேல் வைத்து, பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். லேசாக 'டக்' என்று அடித்தாலும் ஆட்டம் இருக்கிறது என்று அர்த்தம். திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒரு முனையிலிருந்து இன்னொரு முனை வரை தள்ளிப் பார்த்து, ஆட்டமும் இல்லாமல் பிடிப்பும் இல்லாமல் ஓடுகிற இடத்தில் நிறுத்த வேண்டும். இதை முடித்து, எந்த பிளேடை வைத்து வேலை செய்யப் போகிறீர்களோ அதையே மாட்டின பிறகுதான் ரப்பரை வெட்ட வேண்டும். ரப்பரை வெட்டிவிட்டு அப்புறம் திருகைத் தொட்டால் பிளேடு ஓடும் கோடு நகர்ந்துவிடும், வெட்டின ரப்பர் வீண்.

வெட்டுகிற விதமும் முக்கியம். கழிவு பிளை ஒன்றை அடியில் போட்டு, ரப்பர் முழுவதும் அதன்மேல் படிகிற மாதிரி ரெயிலை வைத்து, இரண்டு பக்கமும் கிளாம்ப் போடுங்கள். ரப்பர் அந்தரத்தில் தொங்கக் கூடாது, தொங்கினால் விளிம்பு கிழிந்த மாதிரி வரும். ஆழம் அடியில் உள்ள பிளையை லேசாகத் தொடுகிற அளவு போதும். வேக டயலை முழுக்க வைத்து, நடுவில் எங்கும் நிற்காமல், மெதுவாக ஒரே ஓட்டமாகத் தள்ளுங்கள். ரப்பர் ஒரே நீள இழையாக உரிந்து விழுந்தால் வேலை சரியாக நடந்திருக்கிறது. துண்டு துண்டாக விழுந்தாலோ ரப்பர் உருகின வாடை வந்தாலோ பிளேடை முதலில் பாருங்கள்.

இப்படி வெட்டின ரப்பர் அந்த மெஷினுக்கும் அந்த பிளேடுக்கும் மட்டும்தான் பொருந்தும். ஃபெஸ்டூல் கம்பெனியின் ட்ராக் சா மகிட்டா ரெயிலில் ஓடும், மகிட்டா மெஷின் ஃபெஸ்டூல் ரெயிலில் ஓடும், இது உண்மைதான். ஆனால் இரண்டு மெஷினுக்கும் பிளேடு கோடு ஒரே இடத்தில் இருக்காது. நண்பருக்கு ரெயிலை இரவல் கொடுத்தால், அவர் மெஷின் உங்கள் ரப்பரைச் சீவிவிட்ட பிறகுதான் அது திரும்பி வரும். (பாஷ் கம்பெனியின் ஜிகேடி ட்ராக் சா வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, அவர்களுடைய எஃப்எஸ்என் ரெயிலின் வடிவமே வேறு.) பிளேடு விஷயமும் அதே கதைதான். ஃபெஸ்டூலின் பழைய டிஎஸ் 55 பிளேடுகளில் பல்லின் அகலம் 2.2 மி.மீ., 2021-ல் வந்த டிஎஸ் 55 எஃப் மாடலுக்கு 1.8 மி.மீ. நடுவில் 0.4 வித்தியாசம், ஒரு பக்கத்துக்கு 0.2. தேக்குப் பலகை அறுப்பவருக்கு அது கண்ணுக்கே தெரியாது. வெள்ளை மெலமைன் போர்டு அறுப்பவருக்கு விளிம்பு முழுக்கத் தெரியும். நான் ரெயில்களைப் பிரித்து வைத்திருக்கிறேன், ஷீட் வேலைக்கு ஒன்று, மரம் அறுக்க ஒன்று. எந்த ரெயில் எந்த பிளேடுக்கு என்று பெயின்ட் மார்க்கரில் ரெயில் மேலேயே எழுதியிருக்கிறேன். பட்டறையில் புதுப் பையன் யார் எடுத்தாலும் கேட்காமலே தெரிந்துகொள்வான்.

ரப்பர் எப்போது போச்சு என்று பார்க்க, ரெயிலை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து விளிம்பை வெளிச்சத்துக்கு எதிராகப் பாருங்கள். வரிசையாகச் சின்னச் சின்ன வெட்டுகள் தெரிந்தால் மெஷின் ரெயிலில் ஆடுகிறது. ஒரே ஒரு இடத்தில் பள்ளம் என்றால் அங்கே பிளேடு நின்று சுற்றியிருக்கிறது. முனைகளில் ரப்பர் தூக்கிக்கொண்டிருந்தால் பசை விட்டுவிட்டது. தகர ஷெட் போட்ட பட்டறைகளில் இந்தக் கடைசி விஷயம் அடிக்கடி நடக்கும். மே மாதம் அம்பத்தூர் வெயிலில், மூடின டாடா ஏஸ் வண்டிக்குள் ரெயிலை நாள் முழுக்க விட்டால் பசை இளகிப் பட்டை இடம் நகர்ந்துவிடும். ரெயிலை ரப்பர் விளிம்பு தரையில் ஊன்றுகிற மாதிரிச் சாய்த்து வைப்பதும் தவறு. ஓட்டை போட்டு ஆணியில் நேராகத் தொங்கவிடுவதுதான் எனக்குத் தெரிந்த நல்ல வழி.

மாற்றுவது கடினமான வேலை இல்லை, பொறுமை வேண்டும். ஹேர் டிரையரால் சூடு காட்டிக்கொண்டே ஒரு முனையிலிருந்து மெதுவாக உரித்தால் பசையோடு சேர்ந்தே வந்துவிடும். மிச்சம் ஒட்டியிருக்கும் பசைக்கு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்துத் துடைக்கலாம். பட்டறையில் கைக்கு எட்டுகிற தூரத்தில் என்.சி. தின்னர் இருக்கும், அதை எடுக்காதீர்கள். ரெயிலின் அடியில் இருக்கும் பிடிமானப் பட்டையையும் மேலே இருக்கும் வழுக்குப் பட்டையையும் தின்னர் தின்றுவிடும். அலுமினியம் நன்றாகக் காய்ந்த பிறகு புது ரப்பரை ஒட்டுங்கள். ஒட்டும்போது இழுக்கக் கூடாது, அப்படியே படுக்க வைத்து விரலால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். இழுத்து ஒட்டின ரப்பர் நாள் போகப் போகச் சுருங்கி, இரண்டு முனையிலும் அலுமினியம் வெறுமையாகத் தெரியும். ஒட்டின இரவு அப்படியே விட்டு மறுநாள் வெட்டினால் பசை நன்றாகப் பிடித்திருக்கும். ஆன்லைனில் கிடைக்கும் பெயர் தெரியாத ரோல்களையும் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் விறைப்பாக இருப்பவை ஒரிஜினலுக்குக் குறையில்லாமல் வேலை செய்கின்றன. கையில் எடுத்தாலே தொய்கிற மாதிரி இருப்பவை விளிம்பில் மேலே மடங்கிக்கொள்கின்றன, அவை வேண்டவே வேண்டாம்.

ரெயிலில் மெஷின் இழுத்து இழுத்து ஓடினால் உடனே ஒரு ஸ்ப்ரே எடுத்து அடிக்கிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. எண்ணெய் என்றால் தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும். சிலிகான் ஸ்ப்ரே ஓட்டத்துக்கு நல்லதுதான், ஆனால் அது கையில் ஒட்டி, துணியில் ஒட்டி, கடைசியில் வெனீர் மேல் வந்து சேரும். அந்த வெனீரில் பியு பாலிஷ் அடித்தால் சிலிகான் பட்ட இடமெல்லாம் பாலிஷ் விலகிக் குழி குழியாக நிற்கும், தேய்த்து எடுத்தாலும் சீக்கிரம் போகாது. பாலிஷ் வேலை நடக்கிற பட்டறைக்குள் சிலிகானையே நுழைய விடக் கூடாது என்பது என் கட்சி. சாதாரண வெள்ளை மெழுகுவர்த்தி போதும், அது பாரஃபின்தான். வழுக்குப் பட்டையின் மேல் லேசாகத் தேய்த்து, காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்துவிட்டால் மெஷின் விரலால் தள்ளினாலே ஓடும். அடியில் இருக்கும் பிடிமானப் பட்டைக்கு நேர் எதிரான கவனிப்பு. அதில் மரத்தூள் ஏறினால் ரெயில் வழுக்கும், ஈரத்துணியால் துடைத்தால் பிடிப்பு திரும்பி வந்துவிடும். அக்ரிலிக் மாதிரிப் பளபளப்பான ஷீட் என்றால் பிடிமானத்தை நம்பாமல் கிளாம்ப் போட்டுவிடுங்கள்.

இனி பிளேடு. மெஷினோடு வருவது 48 பல் கார்பைட் பிளேடு, பிளைவுட்டுக்கும் வெனீருக்கும் அது நல்ல பிளேடு. ஒட்டின மைக்கா, அக்ரிலிக், ப்ரீலாம் போர்டு (லேமினேட் ஒட்டியே வருகிற போர்டு) இவைதான் அதிக வேலை என்றால் ட்ரிபிள் சிப் (ஒரு பல் தட்டை, அடுத்த பல் இரண்டு மூலையும் சீவினது என்று மாறி மாறி வருகிற) பல் அமைப்புள்ள, பல் எண்ணிக்கை கூடுதலான பிளேடு ஒன்று தனியாக வாங்குங்கள். தேக்கு, வேம்பு மாதிரி மரத்தை நீளவாக்கில் கிழிக்க 48 பல் சரிவராது, தூள் வெளியேற இடமில்லாமல் சூடாகிக் கருகும். அதற்குப் பல் குறைவான பிளேடு.

பிளேடு மழுங்கிவிட்டது என்று தூக்கிப் போடுவதற்கு முன்னால் கழுவிப் பாருங்கள் என்பதுதான் நான் எல்லாருக்கும் சொல்வது. பிளையின் பசை, மரத்தின் பிசின், மைக்கா ஒட்டின ரப்பர் சொல்யூஷன் எல்லாம் பல்லின் பக்கவாட்டில் பழுப்பாகப் படிந்துவிடும். பல்லின் முனை கூர்மையாகவே இருக்கும், ஆனால் பக்கத்தில் படிந்த அழுக்கு மரத்தை உரசிச் சூடாக்கும், சூட்டில் இன்னும் அழுக்கு சேரும். பிளக்கைப் பிடுங்கி, பிளேடைக் கழற்றி, ஒரு பழைய தட்டில் வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் கழுவும் லிக்விடும் விட்டுக் கொஞ்ச நேரம் ஊறவைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தால் போதும். பிடிவாதமான அழுக்குக்குத் தண்ணீரில் சமையல் சோடா கொஞ்சம் சேர்க்கலாம். இரும்பு பிரஷ் வேண்டாம், கார்பைட் கெட்டியானது, ஆனால் முனை எளிதில் உடையும். காஸ்டிக் கலந்த கிளீனரும் வேண்டாம். கழுவின கையோடு துடைத்து வெயிலில் காட்டிவிடுங்கள். சென்னை மாதிரிக் கடல் காற்று அடிக்கிற ஊரில் ஈரமாக விட்ட பிளேடில் மறுநாளே துரு தெரியும். எண்ணெய் தடவி வைத்தால் அடுத்த தடவை அறுக்கும்போது அது வெனீரில் ஏறும். இங்கேயும் அதே மெழுகைத்தான் பிளேடின் தட்டில் தேய்த்துத் துடைக்கிறேன்.

கழுவின பிறகு டார்ச் அடித்துப் பல்லின் விளிம்பைப் பாருங்கள். கூராக இருக்கும் விளிம்பில் வெளிச்சம் பட்டுத் திரும்ப இடமே இருக்காது. மழுங்கின விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு மின்னும். மொபைல் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் இன்னும் தெளிவு. அந்தக் கோடு பெரும்பாலான பற்களில் தெரிந்தால் சாணைக்குக் கொடுக்க வேண்டியதுதான். ஒன்றிரண்டு பல் மூளியாகி இருந்தாலும் கட் ஓரத்தில் ஒரே இடைவெளியில் கீறல் விழும், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

திரும்ப மாட்டும்போது பிளேடை இரண்டு பக்கமும் பிடித்திருக்கிற வாஷரைத் துடைக்காமல் மாட்டக் கூடாது. அங்கே ஒரு மரத்தூள் துணுக்கு ஒட்டியிருந்தாலும் பிளேடு கோணலாக உட்காரும், விளிம்பில் அது பல மடங்காகப் பெருகி, வெட்டு அகலம் கூடி, ரப்பரையும் சேர்த்துத் தின்றுவிடும். புது பிளேடு போட்டும் சரியாக வரவில்லை என்கிறவர்களிடம் நான் கேட்கிற முதல் கேள்வி இந்த வாஷரைப் பற்றித்தான்.

சாணை பிடிக்கிற இடம் கிடைப்பதுதான் பெரிய பாடு. ஒரு கடையில் ட்ரிபிள் சிப் பிளேடு ஒன்றைக் கொடுத்திருந்தேன், மாற்றி மாற்றி இருக்க வேண்டிய பல் அமைப்பை எல்லாம் ஒரே சாய்வாகத் தேய்த்துக் கொடுத்துவிட்டார்கள். கேட்டதற்கு, கூர்மையாகத்தானே இருக்கிறது என்றார்கள். கூர்மைதான், ஆனால் மைக்காவில் வைத்தால் பிய்க்கிறது, அந்த பிளேடு இப்போது கழிவுப் பலகை அறுக்க மட்டும். அதிலிருந்து எந்தக் கடையாக இருந்தாலும் முதலில் வைர வீலில்தான் தேய்க்கிறார்களா என்று கேட்பேன், கார்பைடைச் சாதாரணக் கல்லில் தேய்த்தால் சூட்டில் விரிசல் விடும். அப்புறம் பல்லின் படத்தை எடுத்துக் காட்டி, இதே சாய்வு இதே வரிசை என்று சொல்லிவிட்டுத்தான் கொடுப்பேன். பிளேடின் பெயரும் எண்ணும் பார்த்துக் கோணத்தை அவர்களே சொல்கிற கடை கிடைத்தால் தூரம் பார்க்காமல் அங்கேயே போங்கள். ஒரு விஷயம் நினைவில் இருக்கட்டும், சாணை பிடித்து வந்த பிளேடில் பல்லின் அகலம் ஒரு துளி குறைந்திருக்கும். சில தடவை சாணைக்குப் போய்வந்த பிளேடுக்கும் பழைய ரப்பருக்கும் நடுவில் இடைவெளி விழுவது இதனால்தான். அந்தக் கட்டத்தில் ரப்பரையும் மாற்றிவிட வேண்டும், பிளேடைத் திட்டிப் பயனில்லை.

மெஷின் பக்கம் இரண்டு விஷயம் சொல்லாமல் விடக் கூடாது. ரப்பர் பாதுகாப்பது ரெயிலுக்கு அடியில் இருக்கும் பக்கத்தை மட்டும். அந்தப் பக்கத் துண்டும் உங்களுக்கு வேண்டும் என்றால், இதில் 2 முதல் 3 மி.மீ. ஆழத்தில் நிறுத்துகிற பட்டன் ஒன்று இருக்கிறது, அதைப் போட்டு ஒரு தடவை மேலாகக் கீறி ஓட்டிவிட்டு, அப்புறம் முழு ஆழத்தில் அறுத்தால் இரண்டு பக்கமும் சுத்தமாக வரும். நேரம் கொஞ்சம் கூடும், ஆனால் வெனீரில் இதைச் செய்யாமல் நான் அறுப்பதே இல்லை. இரண்டாவது, இந்த மெஷினில் பிளேடுக்குப் பின்னால் நின்று அறுத்த வெட்டு மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் பிளவுக் கத்தி கிடையாது, ஃபெஸ்டூலில் உண்டு. அறுத்த இரண்டு துண்டும் நெருங்கி வந்து பிளேடைக் கவ்வினால் மெஷின் பின்னால் உதைக்கும். ஷீட்டுக்கு அடியில் முழுக்கத் தாங்கல் கொடுங்கள், பேக்கிங்கில் வருகிற கனமான தெர்மோகோல் போதும். ஆழத்தை ரெயிலின் தடிமனையும் சேர்த்துக் கணக்குப் பண்ணி, ஷீட்டைத் தாண்டிச் சில மில்லி மட்டும் இறங்குகிற மாதிரி வையுங்கள்.

ரெயில் எந்த நீளம் என்பது வேலையைப் பொறுத்தது. 1.4 மீட்டர் ரெயில் நாலடி குறுக்கு வெட்டுக்குச் சரி. எட்டடி என்றால் 2440 மி.மீ., இரண்டு 1.4 ரெயிலை இணைத்தால் முன்னும் பின்னும் போதுமான மிச்சம் இருக்கும். இணைக்கும்போது இரண்டு முனையையும் முட்டவிடாமல் ஒரு மில்லி இடம் விட்டு, நேர்கோலை ரெயிலின் மேட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டு திருகை இறுக்குங்கள். முட்டவிட்டால் முனை வெட்டு சதுரமாக இல்லாத ரெயில் கோணிக்கொள்ளும். நேராக இருக்கிறதா என்று பார்க்க, அறுத்து வீணாக்க வேண்டியதில்லை. ஷீட்டில் ரெயில் ஓரமாகக் கூரான பென்சிலால் கோடு போட்டு, ரெயிலை அடுத்த பக்கத்துக்குத் திருப்பி அதே இரண்டு முனைப் புள்ளியில் வைத்து இன்னொரு கோடு போடுங்கள், கோணல் இருந்தால் நடுவில் இரண்டு மடங்காகத் தெரிந்துவிடும்.

விலை குறைவு என்று பெயரில்லாத ரெயில் ஒன்றையும் வாங்கி ஓட்டிப் பார்த்தேன். ஒரு இடத்தில் மெஷின் இறுகுகிறது, அரையடி தள்ளி ஆடுகிறது. திருகை எந்த இடத்துக்கு ஏற்றபடி வைப்பது? அதில் புது ரப்பர் ஒட்டினாலும் சீக்கிரமே பல் பல்லாகிவிடுகிறது. ரப்பரிலும் மெழுகிலும் எவ்வளவு வேண்டுமானாலும் சிக்கனம் பிடிக்கலாம், ரெயிலில் வேண்டாம். பட்டறையிலேயே ஷீட் அறுப்பவர் என்றால் இணைப்பே இல்லாத 3 மீட்டர் ரெயிலுக்குப் போய்விடுங்கள். சைட்டுக்குச் சைட் அலைபவருக்கு அதை வண்டியில் ஏற்றி, அபார்ட்மென்ட் மாடிப்படியில் திருப்பி ஏற்றுவது நடக்காத காரியம், அவர்களுக்கு இரண்டு 1.4 தான். எந்த நீளம் எடுத்தாலும் மெஷின் பில் போடும்போதே ஓர ரப்பர் ஒரு ரோலும் இன்னொரு 48 பல் பிளேடும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் எல்லாக் கடையிலும் ஸ்டாக் இருக்கிற பொருள் இல்லை, வேலை நடுவில் கிழிந்தால் வருகிற வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும்.